விழுந்தால் தாங்க ஆள் உண்டா? சொந்தத் தொழில் எண்ணத்தின் பின்னணி

‘குளோபல் ஆன்ட்ரப்ரனர்ஷிப் மானிட்டர்’ என்ற பன்னாட்டு ஆய்வு 1999 முதல் நடந்துவருகிறது. அமெரிக்காவின் பாப்சன் கல்லூரியும் லண்டன் பிசினஸ் ஸ்கூலும் சேர்ந்து ஆரம்பித்தது. சுருக்கமாக ஜெம் என்பார்கள். நாடு நாடாக, 18 வயதிலிருந்து 64 வயது வரை உள்ளவர்களிடம் ஒரே கேள்விகளைக் கேட்கிறார்கள். உங்கள் வட்டாரத்தில் தொழில் தொடங்க நல்ல வாய்ப்பு இருக்கிறதா? அதற்கான திறமை உங்களிடம் உண்டா? தோற்றுவிடுவோம் என்ற பயம் தடுக்கிறதா? அடுத்த மூன்று வருடத்துக்குள் தொடங்கும் எண்ணம் இருக்கிறதா?

2021-ஆம் ஆண்டுச் சுற்றில் இந்தியர்கள் சொன்ன பதிலைப் பாருங்கள். வாய்ப்பு இருக்கிறது என்றவர்கள் பத்தில் எட்டுப் பேருக்கு மேல். திறமை இருக்கிறது என்றவர்களும் அப்படியே. ஆனால் தொடங்கப்போகிறேன் என்றவர்கள் ஐந்தில் ஒருவர் என்ற அளவைத் தாண்டவில்லை. வாய்ப்பைக் கண்ணால் பார்த்தவர்களிலேயே பாதிக்கு மேற்பட்டோர் தோல்வி பயத்தைக் காரணமாகச் சொன்னார்கள். அதே சுற்றில் ஜப்பானில் வாய்ப்பு தெரிகிறது என்றவர்கள் பத்தில் ஒருவர் அளவுதான். திறமை உண்டு என்றவர்களும் அவ்வளவே. ஜப்பான்காரர் இறங்காததற்குக் காரணம் விளங்குகிறது, வாய்ப்பே இல்லை என்கிறார். வாய்ப்பும் தெரிகிறது, கைத்தொழிலும் இருக்கிறது, ஆனாலும் வேண்டாம் என்கிற நம் ஆளைத்தான் விளக்க வேண்டியிருக்கிறது.

இதற்கு மேடைகளில் வழக்கமாகச் சொல்லப்படும் விளக்கம், நம்மவர்களுக்குத் துணிச்சல் போதாது என்பது. தன்னம்பிக்கைப் பேச்சாளர்கள் இதைச் சொல்லிக் கைதட்டல் வாங்குகிறார்கள். நான் இதை ஏற்கவில்லை. மதுரையையும் அதைச் சுற்றியுள்ள ஊர்களையும் பார்த்துவரும் எனக்கு, தொழில் தொடங்கும் எண்ணம் தனிமனிதனின் நெஞ்சுக்குள் பிறப்பதாகத் தோன்றவில்லை. விழுந்தால் தாங்க யார் இருக்கிறார்கள் என்ற கணக்கிலிருந்துதான் அது பிறக்கிறது. அந்தக் கணக்கு ஊருக்கு ஊர், சமூகத்துக்குச் சமூகம் மாறுகிறது. ‘பண்பாட்டு வேறுபாடு’ என்று ஆய்வாளர்கள் சொல்வதில் பெரும்பகுதி இதுதான் என்று நினைக்கிறேன்.

ஆய்வாளர்கள் என்ன சொல்கிறார்கள் என்பதை முதலில் பார்த்துவிடலாம். இந்தத் துறையில் அதிகம் கையாளப்படுவது, ஐசெக் அய்சென் என்ற சமூக உளவியலாளர் 1991-ல் விரித்து எழுதிய ‘திட்டமிட்ட நடத்தைக் கோட்பாடு’. ஒரு காரியத்தைச் செய்யும் எண்ணம் மூன்று கேள்விகளுக்கான விடையிலிருந்து வருகிறது என்கிறார் அவர். இது எனக்கு நல்லதா? எனக்கு வேண்டியவர்கள் இதை என்ன சொல்வார்கள்? இது என்னால் ஆகுமா? ஆஸ்திரியாவிலும் பின்லாந்திலும் வேலை பார்க்கும் வயதினரிடம் நடந்து 2015-ல் வெளியான ஓர் ஆய்வில், இந்த மூன்றும் சேர்ந்து தொழில் தொடங்கும் எண்ணத்தில் ஆளுக்கு ஆள் இருக்கும் வேறுபாட்டில் 59 சதவீதத்தை விளக்கின. எண்ணியவர்களில் யார் காரியத்தில் இறங்கினார்கள் என்பதில் விளக்க முடிந்தது 31 சதவீதம். மனிதர்களைப் பற்றிய ஆய்வில் இவை நல்ல எண்கள்தான். இதே துறையில் வந்திருக்கும் ஆய்வுகளில் ஏராளமானவை கல்லூரி மாணவர்களிடம் வினாத்தாள் கொடுத்து எடுத்தவை. பிள்ளைக்குப் பள்ளிக் கட்டணம் கட்டுகிற, வீட்டுக் கடன் தவணை ஓடுகிற ஆளின் எண்ணம் வேறு மாதிரி வேலை செய்யும்.

மூன்று கேள்விகளில் இரண்டாவதைத்தான் மதுரைக்காரர் யாரும் முதலில் வைப்பார். ஆனால் ஆய்வுகளில் அதுவே மிகவும் பலவீனமாக வருகிறது. ஆர்மிடேஜ், கானர் என்ற இருவர் 185 ஆய்வுகளைத் தொகுத்து 2001-ல் வெளியிட்ட கட்டுரையிலும், வேண்டியவர்கள் என்ன சொல்வார்கள் என்பதன் பலம் மற்ற இரண்டையும்விடக் குறைவாகவே இருந்தது. சொந்தபந்தம் என்ன சொல்லும் என்பதற்கு மதிப்பே இல்லையா? ஸ்பெயினையும் தைவானையும் ஒப்பிட்டு லின்யான், சென் இருவரும் 2009-ல் வெளியிட்ட ஆய்வு இதற்கு நல்ல விடை தருகிறது. சுற்றத்தாரின் சொல் எண்ணத்தை நேரடியாகத் தொடுவதில்லை. மற்ற இரண்டு விடைகளுக்குள்ளும் புகுந்துகொள்கிறது. ‘இது எனக்கு நல்லதா’ என்று ஒருவன் யோசிக்கும்போதே வீட்டார் முகம் அதில் கலந்திருக்கிறது. ‘என்னால் ஆகுமா’ என்று கேட்டுக்கொள்ளும்போது மச்சானின் ஜாமீன் கையெழுத்தும் மனைவியின் நகையும் கணக்கில் வந்துவிடுகின்றன.

கப்பலூர் சிட்கோ தொழிற்பேட்டையில் லேத் ஓட்டுகிற ஒருவர் எனக்குப் பழக்கம். நாற்பதைத் தாண்டியவர். ஜாபைச் சக்கில் கட்டி, டூலைத் தொட்டும் தொடாமலும் கொண்டுவந்து நிறுத்தும்போதே எவ்வளவு சீவும் என்று அவர் கைக்குத் தெரிந்துவிடும். வெர்னியரை எடுத்து அளப்பதெல்லாம் பிறகுதான். பழைய லேத் ஒன்றை வாங்கிப் போட்டுச் சொந்தமாக ஜாப் ஒர்க் எடுக்கலாமே என்று ஒருநாள் கேட்டேன். “வாங்கலாம்ணே. ஆர்டர் குடுக்க ஆளு இருக்கு, வீட்டுல நகையும் கெடக்கு. ரெண்டு மாசம் பில்லு பாஸாகலைன்னா மாமனார் வீட்டுக்குத் தகவல் போயிரும்ல? கொழுந்தியாளுக்கு வேற மாப்பிள பாத்துக்கிட்டு இருக்காக. மூத்த மருமகன் கடன்காரன்னு பேரு வந்துட்டா அந்தச் சம்பந்தம் நிக்குமா, நீங்களே சொல்லுங்க.”

ஜெம் வினாத்தாளை இவரிடம் கொடுத்தால் வாய்ப்பு உண்டு, திறமை உண்டு, தோல்வி பயமும் உண்டு என்று குறித்துவிட்டு, எண்ணம் இல்லை என்று முடிப்பார். அந்த ‘பயம்’ என்ற கட்டத்துக்குள் ஒரு பெண்ணின் கல்யாணம் இருக்கிறது என்பது தாளில் விழாது. அவருக்குப் பயம் தொழிலைப் பற்றியதே அல்ல. தன் நட்டம் தன்னோடு நிற்காது என்பது அவருக்குத் தெரியும்.

பண்பாட்டை எண்ணாக்கிப் பார்த்தவர்களில் பெயர் பெற்றவர் நெதர்லாந்தின் கீர்ட் ஹாஃப்ஸ்டீட். ஐ.பி.எம். ஊழியர்களிடம் 1967-லிருந்து 1973 வரை நடந்த கருத்துக் கணிப்பை வைத்து நாடுகளுக்கு மதிப்பெண் போட்டார். அவருடைய பழைய அட்டவணையில் தனிமனிதப் போக்குக்கு இந்தியா பெற்றது 48, ஜப்பான் 46, ஏறத்தாழச் சமம். நிச்சயமின்மையைத் தவிர்க்கும் மனநிலையில் ஜப்பானுக்கு 92, இந்தியாவுக்கு 40. அந்தக் கணக்கின்படி நாளை என்ன ஆகும் என்று தெரியாததைக் கண்டு நாம் அவ்வளவாக அஞ்சுகிறவர்கள் அல்ல. லேத்காரர் விஷயத்தில் இது சரியாகவே இருக்கிறது. ஆனால் ஐ.பி.எம். ஊழியரின் விடைத்தாளிலிருந்து செல்லூர் தறிக்காரரின் மனதைப் படித்துவிட முடியும் என்று நான் நம்பவில்லை. ஒரே நாட்டுக்குள், ஒரே மாவட்டத்துக்குள், அடுத்தடுத்த தெருவில் இருக்கிறவர்களுக்கு இடையே உள்ள வேறுபாடு இந்த மதிப்பெண்களில் காணாமல் போய்விடுகிறது.

அந்த வேறுபாட்டுக்கு நம் பக்கத்திலேயே பெரிய சான்றுகள் உண்டு. செட்டிநாட்டு நகரத்தார் சிறு வயதிலேயே பிள்ளைகளைக் கடையில் பெட்டியடிப் பையனாக வைத்து வேலைக்குப் பழக்கினார்கள். பிறகு பர்மா, மலேயா, இலங்கை என்று கடல் கடந்த கடைகளுக்கு ஏஜெண்டாக அனுப்பினார்கள். ஒரு தவணை என்பது பொதுவாக மூன்று வருடம். சம்பளம் உண்டு, லாபத்தில் பங்கும் உண்டு. சில தவணை முடிந்து திரும்புகிறவன் கையில் முதலும் இருக்கும், கணக்கெழுதிய பழக்கமும் இருக்கும், யாரிடம் எவ்வளவு கொடுத்தால் திரும்பும் என்ற கண்ணும் இருக்கும். அதற்கு மேல், இன்னொரு நகரத்தார் கடையில் நடப்பு வட்டிக்கு, அதாவது தங்களுக்குள் வைத்துக்கொண்ட வட்டி விகிதத்துக்கு, பணம் புரட்டலாம். இப்படி வளர்ந்தவனிடம் போய்த் தொழில் தொடங்கும் எண்ணம் உண்டா என்று கேட்டால் கேள்வியே அவனுக்கு வேடிக்கையாக இருந்திருக்கும். கல்யாணமானதும் தனிப் புள்ளியாக, அதாவது தனிக் குடும்பமாக, கணக்கு வைப்பதுபோல, வயது வந்ததும் தனிக் கடை போடுவதும் அவர்கள் வாழ்க்கை வரிசையில் ஒன்று.

மதுரைக்குத் தெற்கே விருதுநகரில் நடந்தது வேறு வழி. நாடார் உறவின்முறைகள் என்ற ஊர்ச் சாதிச் சங்கங்கள் வியாபாரத்தில் ஒரு சிறு பங்கை மகமையாகப் பிடித்துப் பொதுவில் சேர்த்தன. அந்தப் பணம் கோயிலோடு நிற்கவில்லை. 1889-ல் விருதுநகரில் சத்திரிய வித்தியாசாலை எழுந்தது. 1921-ல் தூத்துக்குடியில் நாடார் வங்கி வந்தது. 1962-ல் அதன் பெயர் தமிழ்நாடு மெர்க்கன்டைல் வங்கி ஆனது. சிவகாசியிலிருந்து அய்ய நாடாரும் சண்முக நாடாரும் 1922-ஐ ஒட்டிய காலத்தில் கல்கத்தாவுக்குப் போய்த் தீப்பெட்டித் தொழிலைக் கற்று வந்து ஊரில் தொடங்கினார்கள். இருவரின் துணிச்சலையும் நான் குறைக்கவில்லை. ஆனால் அவர்கள் திரும்பி வந்த ஊரில் சரக்கைக் கடனுக்குத் தரவும், விற்றுக் கொடுக்கவும், கை நழுவினால் பிடிக்கவும் ஓர் அமைப்பு முன்பே இருந்தது.

கீழமாசி வீதியின் பலசரக்கு மொத்தக் கடைகளில் இந்த ஏணியின் சிறு வடிவத்தை இன்றும் பார்க்கலாம். மூட்டை எண்ணுகிற பையன், சிட்டை எழுதுகிறவன், லைனுக்குப் போய் வசூல் பார்க்கிறவன், கடைசியில் கல்லாவில் உட்காருகிறவன். வசூலுக்குப் போன காலத்தில் எந்த ஊரில் எந்தக் கடைக்காரர் வாய்தா தவறாமல் தருவார் என்பது அத்துப்படி ஆகிவிடும். அவன் பேரையூரிலோ சோழவந்தானிலோ சொந்தக் கடை போடும்போது முதல் லோடு சரக்கை முதலாளியே கடனுக்கு இறக்கி விடுவார். அய்சென் கேட்ட மூன்றாவது கேள்விக்கு, ‘என்னால் ஆகுமா’ என்பதற்கு, முதலாளி கொடுக்கும் விடை அந்த லோடு.

இதையே நைஜீரியாவின் இக்போ மக்களிடம் பார்க்கலாம். அங்கே வியாபாரியிடம் பையன் பல வருடம் சம்பளமில்லாமல் வேலை கற்கிறான். காலம் முடிந்ததும் முதலாளி அவனுக்கு முதலும் சரக்கும் கொடுத்துத் தனியே உட்கார வைக்க வேண்டும். அது தர்மமாகத் தருவதல்ல, பேசி வைத்த கடமை. இக்போ மக்கள் தனிநாடாகப் பிரிய முயன்ற பியாஃப்ரா போர் 1970-ல் முடிந்தபோது, வங்கியில் எவ்வளவு இருந்தாலும் கணக்குக்கு 20 பவுண்டுதான் என்று அரசு தீர்த்துவிட்டது. கையில் ஒன்றுமில்லாமல் நின்ற அந்த மக்கள் வியாபாரத்தில் மறுபடி எழுந்ததற்கு இந்த ஏற்பாடு பெரிய காரணம். காரைக்குடிக்கும் இக்போ நாட்டுக்கும் மொழியிலோ மதத்திலோ ஒட்டுமில்லை உறவுமில்லை. ஹாஃப்ஸ்டீட் அட்டவணையை வைத்து இரண்டையும் ஒன்றாகச் சேர்க்கவும் முடியாது. தொழில் எண்ணத்தை உண்டாக்கும் ஏற்பாடு மட்டும் ஒத்துப்போகிறது.

இந்த ஏற்பாடுகளைப் பாராட்டிவிட்டு நகர்ந்துவிடக் கூடாது. நம் ஊரில் அவற்றுக்குச் சாதிச் சுவர் உண்டு. மகமை அந்தந்த உறவின்முறைக்குள். நடப்பு வட்டி அந்தந்தக் கூட்டத்துக்குள். மேலூர்ப் பக்கத்துத் தலித் இளைஞனுக்குக் கடன் சரக்கு இறக்க எந்த முதலாளி முன்வருவார்? கடைத்தெருவில் வாடகைக்கு இடம் கிடைப்பதே சிரமம். 2016-ல் வந்த ஸ்டாண்ட் அப் இந்தியா பட்டியல் சாதியினர், பழங்குடியினர், பெண்களுக்கு 10 லட்சத்திலிருந்து 1 கோடி ரூபாய் வரை கடன் என்றது. தமிழக அரசு 2023-ல் கொண்டுவந்த அண்ணல் அம்பேத்கர் பிசினஸ் சாம்பியன்ஸ் திட்டம் 35 சதவீத மூலதன மானியமும் 6 சதவீத வட்டிச் சலுகையும் தருகிறது. இவை தேவை, மனமார வரவேற்கிறேன். ஆனால் பணத்தோடு வர வேண்டிய மற்றவை, கொள்முதல் கடனும் வாடிக்கையும் வழி சொல்ல ஒரு மூத்த வியாபாரியும், மானியத்தில் வருவதில்லை. இந்த இளைஞனிடம் எண்ணம் குறைவாக இருப்பதாக ஆய்வு சொன்னால், அது அவன் மனதைப் பற்றிய செய்தி அல்ல, கடைத்தெருவைப் பற்றிய செய்தி.

உசிலம்பட்டிப் பக்கம் மொய்க்கு இருக்கும் இடத்தையும் சொல்ல வேண்டும். காதுகுத்து, புதுமனை புகுவிழா என்று வைத்து, செய்த மொய்யைத் திரும்ப எடுப்பது அங்கே முறை. வட்டியில்லாமல் மொத்தமாகக் கைக்கு வரும் பணம். கடை வைக்கவும் லாரி வாங்கவும் முதலாகிறது. அதே பணம் நோட்டில் எழுதப்பட்ட கடனும்கூட. செய்முறை வரும்போது திருப்பிச் செய்தாக வேண்டும். தொழில் படுத்தால் வங்கி ஒன்று, மொய் நோட்டில் உள்ள முந்நூறு வீடு என்று இரண்டு பக்கமும் முகம் காட்ட முடியாமல் போகும். தாங்கும் கையே நெருக்கும் கையாகவும் இருக்கிறது. நெருங்கிய உறவுள்ள சமூகங்களில் தொழில் எண்ணம் ஒருபக்கம் எளிதாகவும் மறுபக்கம் கடினமாகவும் இருப்பது இதனால்தான்.

பெண்களுக்கு வந்தால் கணக்கு இன்னும் மாறுகிறது. வீட்டின் ரொக்கமாகப் போகக்கூடிய சொத்து பெரும்பாலும் மனைவியின் நகை. கணவன் தொழிலுக்கு அது அடகுக்கு வந்துவிடும். அவள் தொழிலுக்கு அவளுடைய நகையே வெளியே வருவது அபூர்வம். வில்லாபுரத்திலும் ஜெய்ஹிந்துபுரத்திலும் வீட்டில் இட்லி மாவு அரைத்துக் கொடுக்கும் பெண்கள் எத்தனையோ பேர். முதலில் பக்கத்து வீட்டுக்கு ஒரு படி, பிறகு தெருவுக்கு, பிறகு டில்டிங் கிரைண்டர், பெட்டிக்கடைக்குப் பாக்கெட். அவர்களில் யாரிடமும் வியாபாரம் எப்படி என்று கேட்டால், “யாவாரமெல்லாம் இல்லக்கா, சும்மா வீட்டுல இருந்து மாவு குடுக்கிறேன்” என்றுதான் பதில் வரும். எண்ணம் முதலில், செயல் பிறகு என்று வைத்திருக்கும் கோட்பாட்டுக்கு இங்கே இடமில்லை. தொழில் தொடங்கி, ஓடி, பிள்ளையின் கல்லூரிக் கட்டணம் கட்டிய பிறகும் எண்ணம் அறிவிக்கப்படவில்லை. அறிவித்தால் அனுமதி கேட்க வேண்டும், தோற்றால் பதில் சொல்ல வேண்டும். சுயஉதவிக் குழுக்கள் இந்த இடத்தில் செய்த வேலை பெரிது. மதுரையிலிருந்து இயங்கும் தானம் அறக்கட்டளையின் ‘களஞ்சியம்’ என்ற பெண்கள் குழுக்களை ஒரு கடன் ஏற்பாடாக மட்டும் பார்ப்பது தவறு. தன் பெயரில் ஒரு கணக்கும், தன்னை அறிந்த பத்துப் பதினைந்து பேரும் ஒரு பெண்ணுக்கு அங்கே கிடைக்கிறார்கள்.

மனதையே பயிற்றுவித்துப் பார்த்த சோதனையும் நடந்திருக்கிறது. ஹார்வர்டு உளவியலாளர் டேவிட் மெக்கிலெலண்ட் 1964-ல் ஆந்திராவின் காக்கிநாடா வியாபாரிகளை ஹைதராபாத்தில் இருந்த சிறுதொழில் பயிற்சி நிறுவனத்துக்கு வரவழைத்துச் சாதனை ஊக்கப் பயிற்சி கொடுத்தார். பயிற்சி பெற்றவர்கள் பிறகு கூடுதலாக முதலீடு செய்தார்கள், புதுத் தொழில் தொடங்கினார்கள் என்று 1969-ல் டேவிட் விண்டரோடு சேர்ந்து எழுதினார். நம் மாவட்டத் தொழில் மையங்களில் நடக்கும் தொழில்முனைவோர் பயிற்சிக்கெல்லாம் இதுவே மூதாதை. எனக்குப் படுவது, அங்கே வந்தவர்கள் ஏற்கெனவே வியாபாரிகள், கால் ஊன்ற இடம் இருந்தவர்கள் என்பது. ஒரே ஊரிலிருந்து சேர்ந்து போய், சேர்ந்து திரும்பியவர்கள் என்பதும் சேர்த்து எண்ண வேண்டியது.

மதுரையின் இரண்டு பெரிய பெயர்களை இந்தக் கண்ணோடு பார்க்கிறேன். டி.வி. சுந்தரம் அய்யங்கார் 1877-ல் பிறந்தவர். ரயில்வே, வங்கி என்று சம்பள வேலை பார்த்துவிட்டு, முப்பது வயதைத் தாண்டிய பிறகே 1911-ல் பேருந்துத் தொழிலுக்கு வந்தார். டாக்டர் ஜி. வெங்கடசாமி அரசுப் பணியிலிருந்து 58 வயதில் ஓய்வு பெற்று, 1976-ல் மதுரையில் 11 படுக்கையோடு அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார். வீட்டை அடமானம் வைத்தார் என்பதைத்தான் எல்லோரும் சொல்வார்கள். அந்த அடமானத்துக்குப் பின்னால், கூடவே வந்து உழைத்த தங்கை நாச்சியாரும் அவர் கணவர் நம்பெருமாள்சாமியும் மற்ற உடன்பிறப்புகளும் இருந்தார்கள். ஐம்பத்தெட்டு வயதில் ஒருவருக்கு அந்த எண்ணம் வருவதற்கு அத்தனை பேர் தேவைப்பட்டார்கள்.

குடும்பம் தாங்க முடியாத இடத்தில் சட்டம் தாங்க வேண்டும். ஐரோப்பா, வட அமெரிக்காவின் 15 நாடுகளை வைத்து ஆர்மர், கம்மிங் இருவர் 2008-ல் வெளியிட்ட ஆய்வு, திவால் சட்டம் இரக்கமாக உள்ள நாடுகளில் சுயதொழில் செய்வோர் அதிகம் என்று காட்டியது. அமெரிக்காவில் திவால் மனு போட்ட தனிநபர் சில மாதங்களில் பழைய கடனிலிருந்து விடுபட்டுவிடலாம். ஜெர்மனி 6 வருடமாக இருந்த அந்தக் காலத்தை 2020 அக்டோபர் முதல் போடும் மனுக்களுக்கு 3 வருடமாகக் குறைத்துவிட்டது.

நம் ஊரில் தொழில் முறிந்தவன் மஞ்சள் நோட்டீஸ் கொடுக்கிறான், அதாவது திவால் ஆனதாக அறிவிக்கிறான். அதற்குப் பின்னால் இருப்பது 1920-ஆம் ஆண்டின் மாகாணத் திவால் சட்டம். நீதிமன்றம் விடுதலை கொடுத்தாலும் ஊர் கொடுப்பதில்லை. பேரன் கல்யாணப் பேச்சில்கூட அது எடுக்கப்படும். 2016-ல் வந்த திவால் சட்டத் தொகுப்பில் தனிநபர்களுக்கென்று ஒரு பகுதி எழுதி வைத்திருக்கிறார்கள். அதில் ‘புதிய தொடக்கம்’ என்றொரு வழி: ஆண்டு வருமானம் 60,000 ரூபாய்க்குள், சொத்து 20,000-க்குள், கடன் 35,000-க்குள், சொந்த வீடு இல்லாதவர் என்றால் கடனை அடியோடு தள்ளுபடி செய்யலாம். தள்ளுவண்டிக்காரருக்கும் மாவு அரைப்பவருக்கும் எழுதியது போலவே இருக்கிறது. ஆனால் அந்தப் பகுதியில் கம்பெனிக் கடனுக்கு ஜாமீன் போட்டவர்களுக்கான விதிகளை மட்டும் 2019-ல் அமலாக்கிவிட்டு மற்றவர்களுக்கானதை அப்படியே நிறுத்தி வைத்தார்கள். அந்த வரம்புகளை இன்றைய விலைவாசிக்கு உயர்த்தி அந்தப் பகுதியை அமலுக்குக் கொண்டுவர வேண்டும். தொழில் மையப் பயிற்சிக்குக் கணவன் மனைவி இருவரையும் சேர்த்தே அழைக்க வேண்டும். கடன் கொடுக்கும் நாளிலேயே, நட்டம் வந்தால் எதுவரை உங்கள் பொறுப்பு, எதற்கு மேல் இல்லை என்பதை இருவருக்கும் எழுதிக் கொடுக்க வேண்டும். லேத்காரரின் மாமனார் வீட்டிலும் அதைப் படித்துக் காட்டலாம்.